நீளவாக்கில் கிழித்த கன்னியம்மாள்

தரையைப் பார்த்தே, கிழித்தது யார் என்று சொல்லிவிடுவார் கன்னியம்மாள்.

புதுப்படத்தின் முதல் காட்சி முடிந்து கூட்டம் வெளியேறியதும் பரமேஸ்வரி டாக்கீஸின் தரை உப்பளம் போல வெளுத்துக் கிடக்கும். திரையில் நாயகன் முகம் காட்டிய நொடியில் ரசிகர்கள் வீசிய காகிதம் அது. பெஞ்சுக்கு அடியில், நாற்காலிச் சந்தில், படிக்கட்டில் என்று பார்க்கும் இடமெல்லாம் காகிதம். கன்னியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பிடி அள்ளுவார்.

"இது தட்டாஞ்சாவடிப் பசங்க. பட்டறையில சாப்பாட்டு நேரத்துல அவசர அவசரமா பிச்சிருக்கானுங்க. ஓரமெல்லாம் நாய் கடிச்ச மாதிரி இருக்கு பாரு."

அடுத்த வரிசையில் இன்னொரு பிடி.

"இது வைத்திக்குப்பத்து மீன்காரப் பசங்க. பொறுமையா உக்காந்து கிள்ளிருக்கானுங்க. எறா உரிச்ச கையி, வேற எப்படி இருக்கும்?"

கிழிப்பது, பிய்ப்பது, கிள்ளுவது மூன்றும் அவருக்கு ஒன்றல்ல. கிழித்த காகிதத்துக்கு ஓரம் இருக்கும். துடைப்பம் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனாலும் வந்துவிடும். கிள்ளியதுதான் வினை. நகத்தளவு துண்டுகள். துடைப்பத்தின் ஈர்க்குகளுக்கு நடுவே புகுந்து, இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேல் சோடா சிந்தியிருந்தால் விரலால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கன்னியம்மாளின் கணவர் பக்கிரி மில் தொழிலாளி. எழுபத்திரண்டில் மில் சில மாதங்கள் மூடிக் கிடந்தபோது, கன்னியம்மாள் ரெட்டியார்பாளையத்திலிருந்து நடந்தே டவுனுக்கு வந்து டாக்கீஸில் வேலை கேட்டார். மேனேஜர் ராமலிங்கம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 'மேரி' என்ற நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகன். அதனால் கேட் காவலாளி முதல் முறுக்கு விற்பவர் வரை அவரை, ஐயா என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லால், 'முசியே' என்றுதான் கூப்பிடுவார்கள். முசியே அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படம் பார்க்கணும்னு வந்தியா, வேலை பார்க்கணும்னு வந்தியா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் முசியே. ஒண்ணு கண்ணால, ஒண்ணு கையால."

வேலை கிடைத்தது. பிறகு மில் திறந்தது, பக்கிரி வேலைக்குத் திரும்பினார். "இனிமே நீ வீட்டோட இரேன்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "மில்லுல சங்கு ஊதினா வேலை. இங்க பாட்டு போட்டா வேலை. நான் ஏன்யா நிக்கணும்?" என்று கன்னியம்மாள் கேட்டார்.

காட்சி ஓடும் நேரத்தில் கன்னியம்மாளும் உடன் வேலை பார்க்கும் ஆயம்மாவும் பக்கவாட்டுக் கதவின் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஆயம்மா இவரைவிட மூத்தவர், முழங்கால் வலிக்காரர், தூங்கிவிடுவார். கன்னியம்மாள் தூங்கமாட்டார். எந்த வசனத்துக்கு விசில் வரும், எந்தப் பாட்டுக்கு ஆண்கள் பீடி பிடிக்க எழுந்து போவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்த நாளில் புதுச்சேரியில் இரண்டு பெரிய நாயகர்களுக்கு ஆள் பிரிந்திருந்தது. பெயர் வேண்டாம், சில வீடுகளில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஒருவர் மீசைக்காரர், மற்றவர் சுருட்டை முடிக்காரர். தெருவுக்குத் தெரு மன்றம். கன்னியம்மாள் சுருட்டை முடிக் கட்சி. அதை அவர் மறைத்ததே இல்லை. மீசைக்காரர் சாகும் காட்சியில் தியேட்டரே அழும்போது, கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து "செத்தாரா, இல்ல திரும்ப எழுந்துருவாரா?" என்று அவர் கேட்டது ஊரறிந்த கதை.

சிக்கல் எழுபத்தெட்டுப் பொங்கலில் வந்தது. பண்டிகைப் படத்துக்கு ஒரே நாளில் நான்கு காட்சி. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்க அரை மணிகூட இருக்காது. அதற்குள் இரண்டு பெண்கள் அத்தனை காகிதத்தையும் வாரிக் கொட்டியாக வேண்டும். அன்று முடியவில்லை. மாலைக் காட்சிக்குக் கதவு திறக்கத் தாமதமானது. வெளியே நின்ற கூட்டம் இரும்பு கேட்டைக் கீலோடு பிடுங்கிவிட்டது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலின் கண்ணாடி போனது. உள்ளே வந்தவர்கள் காகிதத்தின் மேலேயே உட்கார்ந்து படம் பார்த்தார்கள், சந்தோஷமாகத்தான். ஆனால் கேட்டுக்குக் காசு கொடுத்த முதலாளிக்குச் சந்தோஷமில்லை.

"காயிதம் வீசக் கூடாதுன்னு போர்டு வெச்சிருங்களேன் முசியே" என்றார் ஆயம்மா.

"போன வருஷம் வெச்சேனே. போர்டையே கிழிச்சு வீசினானுங்க. அதோட நாற்காலி ரெக்ஸினையும்."

ஆகவே காகிதத்தைத் தடுக்க முடியாது என்பது முடிவாயிற்று. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு முசியே இருவரையும் கூப்பிட்டு, முதலாளி சொன்னதை அப்படியே சொன்னார். தீபாவளியன்று ஒரு காட்சிகூடத் தாமதமாகக் கூடாது. தாமதமானால் மறுநாளிலிருந்து கூட்டிப் பெருக்கும் வேலை கடலூர் காண்டிராக்டருக்குப் போய்விடும். அவர் தன் ஆட்களோடு வருவார். கன்னியம்மாளுக்கும் ஆயம்மாவுக்கும் வேலை இல்லை.

ஆயம்மா அங்கேயே அழத் தொடங்கினார். "என் முட்டியை வெச்சிக்கிட்டு எவன் வேலை தருவான்?"

"அழுவாதக்கா. அழுதா தரைதான் ஈரமாவும், நாமதான் துடைக்கணும்" என்றார் கன்னியம்மாள். பேச்சு அப்படி இருந்தாலும் அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று பக்கிரி பிறகு சொன்னார்.

வருகிற படம் மீசைக்காரருடையது. மழைக்காலம் வேறு. ஈரக்கால்களோடு ஆயிரம் பேர் வருவார்கள். கிள்ளிப்போட்ட துண்டும் சேறும் சேர்ந்தால் அது பசை, சுவரொட்டி ஒட்டலாம். என்ன செய்வது என்று யோசித்தபோது அவருக்கு ஒரு பழைய தரை நினைவுக்கு வந்தது. எப்போதோ ஒரு படத்துக்கு, அச்சகத்தில் வேலை செய்யும் பையன்கள் புத்தகம் வெட்டி மீந்த விளிம்புகளைக் கொண்டுவந்து வீசியிருந்தார்கள். மெல்லிய, நீளமான கீற்றுகள். துடைப்பம் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சவுரி முடி போல உருண்டு வந்தன. அன்று வேலை முடிந்து வெற்றிலை போடக்கூட நேரம் இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய நாள் மதியம், மழை சற்று விட்டிருந்தது. கன்னியம்மாள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனார். மீசைக்காரர் மன்றத்துப் பையன்கள் ஒரு படகின் நிழலில் வட்டமாக உட்கார்ந்து காகிதம் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கோணிப்பைகள் வீங்கி நின்றன. மன்றச் செயலாளர் முருகையன், தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறைக்காரன், நிமிர்ந்து பார்த்தான்.

"யாரு, எதிர்க்கட்சியா? வாக்கா வா. இன்னா, கட்சி மாறிட்டியா?"

"மாறலடா. ஒரு விஷயம் சொல்ல வந்தேன். இப்படிக் கிள்ளாதீங்க. நீளமா கிழிங்க."

வட்டம் முழுவதும் சிரித்தது.

"கூட்டுற வேலையை விட்டுட்டு இங்க வந்து இன்னா கிழிக்கப் போற நீ?" என்றான் முருகையன்.

"பேப்பரைத்தான்டா. குடு இப்படி."

கட்டிலிருந்து ஒரு செய்தித்தாளை உருவினார். குறுக்கே கிழித்தார், கிழிசல் கோணிக்கொண்டு எங்கேயோ போனது. தாளைத் திருப்பி மேலிருந்து கீழே இழுத்தார். சர்ரென்று ரிப்பன் போல ஒரு கீற்று நேராக இறங்கி வந்தது. இன்னொன்று. இன்னொன்று. விரல் அகலம். பிறகு அவற்றை அடுக்கி அரைச்சாண் நீளத்துக்குத் துண்டித்தார்.

"இது எதுக்கு?"

"கூட்டுறதுக்கு லேசா வரும். நாளைக்கு ஒரு காட்சி லேட்டானாலும் எனக்கும் ஆயம்மாவுக்கும் வேலை போயிடும். முசியே சொல்லிட்டாரு. அதான் கேக்குறேன்."

சிரிப்பு நின்றது. ஆனால் பின்னாலிருந்து ஒருவன், "நம்பாதே முருகையா! சுருட்டை முடி அனுப்பின ஆளு இது. நீளமா கிழிச்சா கல்லு மாதிரி விழும். நம்ம ஆளு வரும்போது காயிதம் பறக்கலைன்னா நாளைக்கு அந்த மன்றத்துக்காரன் வீதியெல்லாம் சொல்லிச் சிரிப்பான்" என்றான்.

முருகையனுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. துண்டு சிறியதாக இருந்தால்தான் பறக்கும் என்பது மன்றத்துக்கு மன்றம் வழிவழியாக வந்த நம்பிக்கை. இரவெல்லாம் கிள்ளி விரல் வீங்குவதே ஒரு பெருமை. "சரி, பார்த்துடுவோம்" என்று படகின் முனையில் ஏறினான். ஒரு கையில் கிள்ளியது, மறு கையில் கீற்று. இரண்டையும் ஒன்றாக விட்டான்.

கடல்காற்று இரண்டையும் ஒன்றாகவே அள்ளிக்கொண்டு போய், மணலில் காயப்போட்டிருந்த நெத்திலியின் மேல் கொட்டியது.

"எந்தப் பாடையில போறவன்டா நெத்திலியில காயிதம் போட்டது?" என்று ஒரு பெண் விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். மன்றம் கோணிகளைத் தூக்கிக்கொண்டு கலைந்து ஓடியது. கன்னியம்மாளும் ஓடினார். மூச்சு வாங்க நின்ற இடத்தில்தான் பேரம் முடிந்தது. பால்கனியில் இருக்கும் பையன்கள் கீற்று வீசுவார்கள். கீழே எப்போதும் போலக் கிள்ளியது.

"ஆனா ஒண்ணுக்கா" என்றான் முருகையன். "மேல இருந்து கல்லு மாதிரி விழுந்துச்சுன்னா, டாக்கீஸ் வாசல்ல எங்க ஆளு கட்டவுட்டுக்கு நீ மாலை போடணும். எல்லாரும் பாக்க."

கன்னியம்மாள் கண்ணை மூடித் திறந்தார். "போடுறேன்டா. உனக்கும் சேர்த்துப் போடுறேன்."

தீபாவளி காலை மழை கொட்டியது. அப்படியும் முதல் காட்சிக்குத் தெருமுனை வரை கூட்டம். குடைகளும், புதுச்சட்டைகளும், ஈரத்தில் நமத்துப்போன ஊசிப்பட்டாசும். விளக்கு அணைந்தது. கன்னியம்மாள் பக்கவாட்டுத் திரையை விலக்கி நின்றார். அன்று ஆயம்மாவும் தூங்கவில்லை.

மீசைக்காரர் ஒரு கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தார். அரங்கம் அலறியது. கீழேயிருந்து கிள்ளிய துண்டுகள் குபீரென்று எழும்பி, திரையை ஒரு நொடி மறைத்து, அப்படியே கொட்டின. எப்போதும் நடப்பதுதான்.

அப்போது பால்கனியிலிருந்து கீற்றுகள் இறங்கின.

அவை விழவில்லை. ஒவ்வொன்றும் தன்னைத்தானே உருட்டிக்கொண்டு, ராட்டினம் போலச் சுழன்று, பக்கவாட்டில் நழுவி நழுவி வந்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் புரொஜெக்டர் ஒளி பட்டு மின்னியது. அரங்கத்தின் ஒளிப்பாதை முழுவதும் நெத்திலிக் கூட்டம் திரும்பியதைப் போல இருந்தது. மீசைக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், மேசையைத் தாண்டினார், முதல் ஆளை அடித்தார். கீற்றுகள் இன்னும் வந்துகொண்டே இருந்தன. கேலி செய்வதற்காகவே டிக்கெட் வாங்கி வந்திருந்த சுருட்டை முடி மன்றத்துக்காரர்கள் வாய் பிளந்து மேலே பார்த்தார்கள். ஒரு கணம் விசில்கூட நின்றது. பிறகு வந்த சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது.

"டேய் முருகையா, அண்ணன் சண்டை போடுறாருடா, நீ எங்கடா பாக்குற?" என்று ஒருவன் தோளை உலுக்கினான். முருகையன் கழுத்தை வளைத்து ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடியாத்தீ" என்றார் ஆயம்மா. "இப்படிப் பறக்கும்னு உனக்குத் தெரியுமாடி?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கூட்டுறதுக்கு வந்தா போதும்னு இருந்துச்சு."

ஆனால் வேலை இனிமேல்தான் இருந்தது. காட்சி முடிந்து விளக்கு எரிந்ததும் இருவரும் பிரிந்துகொண்டார்கள். கீற்று அதிகம் விழுந்திருந்த நாற்காலிப் பக்கம் ஆயம்மா; கிள்ளியது அப்பிக்கிடந்த பெஞ்சுப் பக்கம் கன்னியம்மாள். ஆயம்மாவின் துடைப்பம் நடந்த இடமெல்லாம் கீற்றுகள் சுருண்டு கொத்துக் கொத்தாக வந்தன. முட்டி வலிக்காரர் வரிசை வரிசையாக முடித்துக்கொண்டே போனார். பெஞ்சுப் பக்கம் வேறு கதை. சேறும் காகிதமும் சேர்ந்து அடையாகத் தட்டிக் கிடந்தன. கன்னியம்மாள் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினார். வெளியே கேட் ஆடத் தொடங்கியது.

முசியே வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த காட்சிக்கும் டிக்கெட் வைத்திருந்த முருகையன், வெளியே போன கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு உள்ளே வந்தான். பெஞ்சுகளுக்கு நடுவே மண்டியிட்டிருந்த கன்னியம்மாளைப் பார்த்தான். தன் பையன்கள் கிள்ளியதுதான் அது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"டேய், நாலு பேர் கேட்டைப் பிடிங்கடா, ஒருத்தனும் ஏறக் கூடாது! மத்தவன்லாம் இங்க வாங்க. குந்துங்க, சுரண்டுங்க!"

"புதுச்சட்டைடா!"

"சட்டையைக் கழட்டுடா!"

தீபாவளிச் சட்டைகள் பெஞ்சுகளின் முதுகில் தொங்கின. பனியனோடு மன்றம் தரையில் தவழ்ந்தது. ஒருவன் சிரட்டை கிடைக்காமல் சோடா மூடியால் சுரண்டினான். "இன்னாடா இது, வர மாட்டேங்குது?" என்று அவன் முனகியபோது, "நீதானே ராத்திரியெல்லாம் உக்காந்து கிள்ளின? நல்லா கிள்ளிருக்கடா, ராசா" என்றார் கன்னியம்மாள். கடைசிப் பெஞ்சு முடிந்தபோது மணி அடித்தது. முசியே கதவைத் திறக்கச் சொன்னார். பனியனோடு நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு கூட்டம் உள்ளே பாய்ந்தது.

முருகையன் தங்களிடம் மீதியிருந்த கோணிகளைப் பார்த்தான். எல்லாம் கிள்ளியது. இனி அதை வீச மனமில்லை. "புதுப் பேப்பர் வேணும். இன்னிக்கு எவன் கடை திறந்திருப்பான்?"

"ஹிதாயத்துல்லா பாய் கடை" என்றார் கன்னியம்மாள். "அவருக்கு என்ன தீபாவளி?"

பழைய காகிதக் கடை ஹிதாயத்துல்லா, மழைக்கு மூடிய படுதாவுக்குள் உட்கார்ந்து அண்டை வீட்டார் கொடுத்த அதிரசம் தின்றுகொண்டிருந்தார். விஷயம் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து ஒரு கட்டை இழுத்துப் போட்டார். பிரான்சிலிருந்து விமானத்தில் வரும் பத்திரிகைகள். எடை குறைய வேண்டும் என்று வெங்காயத்தோல் போன்ற தாளில் அச்சடிப்பார்கள். பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் படித்துவிட்டுப் போட்டவை. "பஜ்ஜி மடிக்கக்கூட உதவாது. எண்ணெய் அப்படியே இறங்கிடும். எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். டாக்கீஸ் வாசல் கூரைக்குக் கீழே மன்றம் உட்கார்ந்து நீளவாக்கில் கிழித்தது. படபடவென்று கை பழகிவிட்டது. கிள்ளி ஓரிரவில் நிரப்பும் கோணி, இப்படிக் கிழித்தால் ஒரு காட்சி முடிவதற்குள் நிரம்பியது.

மாலைக் காட்சியில் பிரெஞ்சுக் காகிதம் பறந்ததைப் பார்த்தவர்கள் அதைப் பல நாள் பேசினார்கள். நாயகன் ஒரு பாட்டைப் பாதி பாடி முடிக்கும்வரை கீழே வராத கீற்றுகள் இருந்தன என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. கன்னியம்மாளுக்கு அது முக்கியமில்லை. அந்தக் காட்சி முடிந்து அவரும் ஆயம்மாவும் பெருக்கி, வாரி, கோணியில் அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அடுத்த காட்சிக்கு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. இருவரும் முதல் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்கள்.

முசியே உள்ளே வந்தார். சுத்தமான தரையைப் பார்த்தார், வெற்றிலையைப் பார்த்தார்.

"முதலாளி போன் பண்ணினார். லேட்டாச்சான்னு கேட்டார்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கடலூர்க்காரர் வர வேண்டாம்னு சொன்னேன்." வெற்றிலையைக் காட்டி, "தரையில துப்பாம இருந்தா சரி" என்றார்.

ஆயம்மா மறுபடி அழத் தொடங்கினார். இந்த முறை கன்னியம்மாள் தடுக்கவில்லை.

அதற்கடுத்த பொங்கலுக்குச் சுருட்டை முடிக்காரரின் படம். ஒரு வாரம் முன்னதாகவே, அந்த மன்றத் தலைவர் காத்தவராயன் நாலு பேரோடு ரெட்டியார்பாளையம் வந்து சேர்ந்தார். ஆளுக்கு ஒரு கட்டு பேப்பர்.

"யக்கா, நீ நம்ம கட்சி. ஆனா அவனுங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்க. இது நியாயமா?"

கன்னியம்மாள் பதில் சொல்வதற்குள் வாசலில் சைக்கிள் நின்றது. முருகையன். அவனுக்கும் செய்தி போயிருந்தது. "யக்கா, அவனுங்களுக்குச் சொல்லித் தராதே. சொன்னா எங்க மன்றமே இந்தப் பக்கம் வராது!"

"நீ கண்டுபிடிச்சதா? எங்க அக்கா கண்டுபிடிச்சதுடா!"

"எங்க படத்துலதான்டா பறந்துச்சு!"

இருவரும் சட்டைக் காலரைப் பிடிக்கும் நிலைக்குப் போனார்கள். பக்கிரி திடுக்கிட்டுச் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்தார்.

"அடச்சீ, விடுங்கடா!" என்றார் கன்னியம்மாள். "எவன் படமா இருந்தா எனக்கென்ன? ஒருத்தன் கிள்ளிப்போட்டாலும் சுரண்டப்போறது நான்தான். வேலை போவப் பாத்தது எனக்கும் ஆயம்மாவுக்கும். ரெண்டு கட்சியும் நீளவாக்குலதான் கிழிக்கணும். இல்லன்னா ரெண்டு பேரையும் முசியேகிட்ட சொல்லி பனியனோட குந்த வெச்சிடுவேன். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். காத்தவராயன் கட்டைப் பிரித்து, வேகமாக ஒரு தாளை எடுத்து, குறுக்கே இழுத்தார். அது கோணிக்கொண்டு போனது. முருகையனால் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, குடுய்யா இப்படி" என்று அந்தத் தாளைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தான். "மேல இருந்து கீழ. இப்ப இழு."